மூன்றாவது சுழி

பென்சிலைச் சீவி முடித்ததும் கார்டு மாமா அதன் முனையைத் தன் கன்னத்தில் லேசாகக் குத்திப் பார்ப்பார். சுருக்கென்று தைத்தால், பழைய செய்தித்தாளில் நாலு கோடு இழுத்து முனையை மழுக்குவார். தைக்கவே இல்லையென்றால் மறுபடியும் சீவுவார். "ரொம்பக் கூரா இருந்தா தாள் கிழியும். மொட்டையா இருந்தா சுழி அடைஞ்சு போயிரும். அப்புறம் எது ரெண்டுசுழி, எது மூணுசுழின்னு நான் பூதக்கண்ணாடி வச்சுத்தான் தேடணும்" என்பார். அந்தப் பென்சில் பெரியவர்களின் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். நீளமான பென்சிலைக் கொடுத்தால், குழந்தை எழுதுவதை விட்டுவிட்டு அதன் வால் ஆடுவதையே வேடிக்கை பார்க்கிறதாம். அதனால் புதுப் பென்சில் வந்ததும் முதல் வேலையாக மூன்று துண்டாக நறுக்கிவிடுவார். சட்டைப் பையில் எப்போதும் அப்படி ஐந்தாறு துண்டுகள் கிடக்கும்.

நூலகத்தின் குழந்தைகள் பிரிவில், வாசலை ஒட்டிப் போட்டிருக்கும் மேசை அவருடையது. புத்தகம் எடுக்க வரும் குழந்தைகளுக்கு உறுப்பினர் கார்டு கொடுப்பது அவர் வேலை. வயது நாற்பது இருக்கும். கழுத்து இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படியான உடம்பு. குழந்தைகள் எழுதுவதை எழுத்துக்குப் பக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு குட்டை முக்காலியில்தான் உட்காருவார். முகவாய் சரியாக மேசை விளிம்பில் வந்து உட்காரும். எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால், யாரோ ஒரு தலையை மேசைமேல் வைத்துவிட்டு மறந்து போய்விட்டது போல இருக்கும். முதல் தடவை வருகிற குழந்தைகளில் பாதி பயப்படும். மீதிப் பாதி மூக்கைத் தொட்டுப் பார்க்கும்.

கார்டு வாங்க இரண்டே விதிகள். பதிவேட்டின் முதல் பக்கத்தில் அவை அச்சடித்து ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று, உறுப்பினர் தம் பெயரைத் தம் கையால் எழுத வேண்டும். இரண்டு, விண்ணப்பத்தில் உள்ள பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இவருக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் முதல் விதியைக் கண்டுகொள்ளவே இல்லை. அம்மாவோ அப்பாவோ குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள், கார்டு கிடைத்துவிடும். கார்டு மாமாவிடம் அந்தக் கதை நடக்காது. அப்படிக் கையைப் பிடித்த ஒரு அம்மாவிடம், "கார்டு உங்களுக்கா, பாப்பாவுக்காம்மா? உங்களுக்குன்னா மாடிக்குப் போங்க, அங்கதான் பெரியவங்க பிரிவு" என்று மிகவும் மரியாதையாக வழி காட்டினார்.

எழுதும்போது யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. பார்த்து எழுதக் கூடாது. ரப்பர் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை. தப்பானால் அதன்மேல் மெல்லிய கோடு ஒன்று போட்டு, "நாளைக்கு வாங்க" என்பார். அவரே சொல்லிக் கொடுத்தால் என்ன என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "நான் டீச்சரா? நான் மேசைக்காரன். ரயில்ல டிக்கெட் பார்க்கிறவரு வந்து டிக்கெட்டும் எடுத்துக் கொடுப்பாரா?"

குழந்தைகளின் பெயர் அவருக்கு நினைவிருக்காது. எழுத்துத்தான் நினைவிருக்கும். வாசலில் தலை தெரிந்ததுமே, "வாடா மூணுசுழி", "என்னம்மா கீழ்விலங்கு, அக்கா வரலையா?", "புள்ளி வைக்க மறந்த ஐயா வந்துட்டாருப்பா" என்று வரவேற்பார். இரண்டே எழுத்துப் பெயர்க்காரன் ஒருவன் கண் மூடித் திறப்பதற்குள் எழுதிவிட்டு, மிச்சமிருந்த இடத்தில் ஒரு லாரியும் வரைந்தான். அவன் இன்றைக்கும் 'லாரி'தான். ஒன்பது எழுத்துப் பெயர்க்காரி ஒருத்தி ஆறாவது எழுத்தில் களைத்துப்போய், "மிச்சம் நாளைக்கு எழுதட்டுமா?" என்று கேட்டாள். கார்டு மாமா அவளுடைய அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "வைக்கும்போது கொஞ்சம் யோசிச்சிருக்கலாம் சார்" என்றார். வீட்டில் கூப்பிடுகிற பெயரைத் தவிர தனக்கு வேறு பெயர் இருப்பதையே அறியாத ஒரு பொடியன், 'குட்டி' என்று அழகாக, புள்ளிகூடத் தவறாமல் எழுதினான். விண்ணப்பத்தில் இருந்த நீளமான பெயரைப் படித்துக் காட்டியதும், "அது யாரு?" என்று கேட்டான்.

இந்தச் சுழிப் பித்து வேலையோடு நிற்பதில்லை. பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், கடைப் பலகைகளில் காணாமல் போன புள்ளிகளை எண்ணிக்கொண்டே வருவார். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விடும். அவர் மனைவி ஒருநாள் மேசைப் பக்கம் வந்தபோது எல்லோரும் கேட்கும்படியே சொன்னார்: "அவசரத்துல எண்ணெய் வாங்கிட்டு வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். ரெண்டுசுழி போட்டுட்டேன் போலிருக்கு. வெறுங்கையோட வந்து நிக்கிறாரு. கேட்டா, ரெண்டுசுழி எண்ணெய் எந்தக் கடையிலயும் இல்லைங்கிறாரு. இவரை வச்சுக்கிட்டு நான் எப்படித் தாளிக்கிறது?" கார்டு மாமா காது மடல்வரை சிவந்து, பென்சில் சீவத் தொடங்கிவிட்டார்.

இவரிடம் மூன்று முறை தோற்றவள்தான் 'ரெட்டைக்கொம்பு'. ஐந்து வயது. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அவள் பெயருக்கு மூன்றே எழுத்து. முதல் எழுத்துக்கு இரட்டைக்கொம்பு, கடைசி எழுத்துக்கு ஒரு துணைக்கால். நடுவில் இருப்பது சுழி எழுத்து.

முதல் நாள் அவள் 'ர' எழுதிவிட்டு அதற்குப் பின்னால் கொம்பைப் போட்டாள். கோடு விழுந்தது. "ஏன் தப்பு? ர-னுதானே முதல்ல சொல்றோம்? ஏ-ங்கிற சத்தம் அப்புறம்தானே வருது?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். கார்டு மாமா திகைத்துவிட்டார். கொம்பு முன்னால் நிற்கும், அதன் சத்தம் பின்னால் வரும். பல வருடம் மேசையில் இருந்தும் அவருக்கு இது உறைத்ததே இல்லை. சொல்லிக் கொடுப்பதில்லை என்ற தன் விதியைக் கொஞ்சம் தளர்த்தி, "மாடு வருதுன்னு வை. முதல்ல என்ன வரும்? கொம்புதானே?" என்றார். அவள் யோசித்துவிட்டு, "போற மாடுன்னா வால்தான் தெரியும்" என்றாள். அன்றோடு அவர் சொல்லிக் கொடுப்பதை நிரந்தரமாக விட்டுவிட்டார்.

இரண்டாவது நாள் கொம்பு முன்னால் வந்துவிட்டது, ஆனால் ஒற்றைக்கொம்பு. மூன்றாவது நாள் இரட்டைக்கொம்புதான், ஆனால் அது எழுத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த் திசையைப் பார்த்து நின்றது. மூன்று நாளும் கோடு.

நான்காவது முறை அவள் வந்தது, நூலகத்துக்கு வண்ணம் அடிப்பதற்காக ஒரு மாதம் மூடப்போகிற நாளுக்கு முந்தின நாள். பள்ளிக்கும் அன்றிலிருந்துதான் விடுமுறை. கார்டு இருப்பவர்கள் மாதம் முழுவதும் வைத்துக்கொள்ள ஆளுக்கு மூன்று புத்தகம் எடுக்கலாம். அவளுக்கு வேண்டியது, பிரித்தால் பக்கத்துக்குள்ளிருந்து திமிங்கிலம் எழுந்து நிற்கிற புத்தகம். கார்டு இல்லையென்றால் அண்ணன் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அண்ணனுக்கு ஒன்பது வயது, கார்டுக்கு இரண்டு வயது. தங்கைக்காக ஒரு புத்தகம் எடுக்க வேண்டுமென்றால் அவள் அவனை 'சார்' என்று கூப்பிட வேண்டும். அதுவும் மூன்று தடவை. கூப்பிட்டாலும் அவன் எடுப்பது ரயில் புத்தகமாகத்தான் இருக்கும்.

"இன்னைக்கும் ஃபெயில்தான். லீவு முழுக்க சார்தான். இப்பவே சொல்லிப் பழகிக்கோ" என்றான் அண்ணன், வரிசையில் நிற்கும்போதே.

"போடா."

"போடா இல்ல. போங்க சார்."

"போங்கடா சார்."

அவள் முறை வந்தது. குழந்தைகள் ஏறி நிற்பதற்கென்று வைத்திருந்த மரப்பெட்டியில் ஏறினாள். திமிங்கிலப் புத்தகம் ஏற்கெனவே அக்குளில் இருந்தது. "கையைக் காட்டு" என்றார் கார்டு மாமா. ஈரத் துணியால் விரல்களைத் துடைத்துவிட்டார். "அண்ணன்காரரே, நீங்க வாயைப் பூட்டிக்கோங்க. சாவியை என்கிட்ட கொடுத்துடுங்க." பென்சில் துண்டை மேசையில் உருட்டிவிட்டார்.

பதிவேட்டில் தீப்பெட்டி அளவுக் கட்டம். அவள் நாக்கு நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு தொடங்கினாள். கொம்பு முன்னால் வந்தது. இரட்டைக்கொம்பேதான். எழுத்தைப் பார்த்துத் திரும்பியும் நின்றது. மேசை விளிம்பில் இருந்த முகவாய் ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்தது. அடுத்து 'ர'. பிறகு சுழி, சுழி, சுழி, ஒரு வளைவு. அதன்பின் 'க'. கடைசியாகத் துணைக்கால், கட்டத்துச் சுவரில் இடிக்காமல், இடிப்பதற்கு ஒரு நூல் முன்னால் நின்றது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவள் மூச்சு விட்டாள். கார்டு மாமாவும் அப்போதுதான் விட்டார்.

முகமெல்லாம் பல்லாக விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டான். "ஹை! அப்பா ரெண்டுசுழி போட்டிருக்காரு. இவ மூணு போட்டுட்டா. ஃபெயில், ஃபெயில்!"

அவள் அழவில்லை. முதுகிலிருந்த பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதில் கறுப்பு மையால் தடிமனாக அவள் பெயர் இருந்தது. "எங்கம்மா எழுதினது. எண்ணிப் பாருங்க" என்றாள். ஆனால் சொல்லி முடிக்கும்போது குரல் கொஞ்சம் நனைந்துவிட்டது.

மூன்று சுழிதான். கார்டு மாமா பதிவேட்டை அவசரமாகப் பின்னால் புரட்டினார். கோடு போட்ட மூன்று இடங்களிலும் நடுவெழுத்துக்கு மூன்று சுழி இருந்தது. அவள் முழுப் பெயரையும் எழுதியிருந்தும், முதல் எழுத்தின் தப்பைப் பார்த்தே கோடு போட்டு அனுப்பிவிட்டதால், நடுவெழுத்தை அவர் விண்ணப்பத்தோடு ஒத்துப் பார்க்கவே இல்லை. எதற்கும் பதறாதவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்பா எங்கே?" என்றார்.

அப்பா வெளியே வண்டியில் இருந்தார். குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறவர். அண்ணன் ஓடிப்போய்க் கூட்டி வந்தபோது கையில் ஒரு ஸ்பானர் இருந்தது. "என்னங்க பிரச்சனை? அரை மணி நேரத்துல ஒரு வீட்ல இருக்கணும். அங்க பெட்டி ஒழுகி, சமையலறையே குளமா நிக்குதாம்."

"ஒரே ஒரு கேள்விதான் சார். உங்க பொண்ணுக்கு எத்தனை சுழி?"

"ரெண்டுங்க. உச்சந்தலையில ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. அதான் இந்தப் பிடிவாதம்."

"தலையில இல்ல சார். பேர்ல."

அவர் விண்ணப்பத்தைப் பார்த்தார். மூலையில் அவருடைய கட்டைவிரல் கிரீஸ் ரேகை பதிந்திருந்தது. "ரெண்டுதான். நான்தானே எழுதினேன்."

கார்டு மாமா பையைத் திருப்பிக் காட்டினார். அப்பா ஒரு தடவை எண்ணினார். ஸ்பானர் நுனியால் தொட்டுத் தொட்டு மறுபடியும் எண்ணினார். "இவ அம்மா மூணா போடுறா? அஞ்சு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் எழுதுவது அம்மா. விண்ணப்பங்கள் நிரப்புவது அப்பா. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டிய தேவையே வரவில்லை. பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அப்பா தொலைபேசியில் அதன் படத்தைத் தேடி எடுத்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. சுழி இருக்க வேண்டிய இடத்தில் 'என்' என்ற எழுத்து விறைப்பாக நின்றது. அதற்குச் சுழியே இல்லை. ரெண்டு என்றும் சொல்லலாம், மூணு என்றும் சொல்லலாம்.

"உண்மையைச் சொல்லட்டுங்களா?" அப்பா குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் படிக்கிற காலத்துல எழுத்துன்னாலே கை நடுங்கும். புள்ளையாவது சுலபமா எழுதட்டுமேன்னு ஒரு சுழியைக் குறைச்சேன். ஒரு பார்ட்டு கம்மியானா ரிப்பேரும் கம்மிதானே?"

"அது நான் இல்ல" என்றாள் பெட்டிமேல் நின்றவள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ரெண்டு போட்டா அது நான் இல்ல. நாக்கைப் பாருங்க." வாயை அகலத் திறந்துகொண்டு தன் பெயரை மெதுவாகச் சொன்னாள். நடுவெழுத்து வந்தபோது நாக்கு மேலே மடங்கி அண்ணத்தைத் தொட்டது. பிறகு இரண்டு சுழிக்கு எப்படி வருமோ அப்படிச் சொல்லிக் காட்டினாள். நாக்கு மடங்காமல் முன்னால் வந்து, ஆடுகிற பல்லை இடித்தது. "பார்த்தீங்களா? என் பேருன்னா நாக்கு மடங்கணும்."

கார்டு மாமா உடனே சொல்லிப் பார்த்தார். வரிசையில் பின்னால் தம்பியோடு நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். "ஆமாங்க, மடங்குது" என்றாள். அண்ணன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, "எனக்கு மடங்கல" என்றான்.

"நீ வாயைத் திறந்து சொல்லு."

"மாட்டேன்."

"அப்பா, நீங்க சொல்லுங்க. என்னைக் கூப்பிடுற மாதிரி சொல்லுங்க."

அப்பாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. தெருமுனையிலிருந்து கூப்பிடுகிற சத்தத்தில்தான் அவருக்கு அந்தப் பெயர் வரும் போலிருக்கிறது. நூலகம் என்பதை மறந்து கூப்பிட்டார். புத்தக அடுக்குகளுக்கு நடுவிலிருந்து நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மேசைமேல் இருந்த தலை, கீழிருந்து அவர் வாய்க்குள் உற்றுப் பார்த்தது.

"மடங்குது சார்" என்றார் கார்டு மாமா. "நல்லாவே மடங்குது. கூப்பிடுறது மூணு, எழுதுறது ரெண்டு."

"அப்படின்னா கார்டு?" என்றாள் அவள். அக்குளில் இருந்த புத்தகத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"விதிப்படி பார்த்தா ஃபெயில்தானே மாமா? ரெண்டும் ஒண்ணா இல்லையே" என்றான் அண்ணன். இரண்டு வருட உறுப்பினருக்கு விதிகள் மனப்பாடம்.

கார்டு மாமா பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார். இரண்டாவது விதியின்மேல் விரலை வைத்து, புதிதாக எழுத்துக் கூட்டுகிறவர் போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். முடித்ததும் இன்னொரு தடவை படித்தார். "ஒண்ணா இருக்கணும்னுதான் போட்டிருக்கு. எதை எதுக்கு ஏத்த மாதிரி மாத்தணும்னு போடலையே" என்றார். "எண்ணெய்க்கு அகராதி இருக்கு. ஆளோட பேருக்கு அகராதி ஏது? பேருக்குச் சொந்தக்காரி வந்து, தன் கையால எழுதி, நாக்கையும் நீட்டிக் காட்டிட்டாங்க. இனி தப்பு இந்தத் தாள்லதான்."

விண்ணப்பத்தை எடுத்து அப்பாவின் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவையும் வைத்தார். "எழுதினவர்தான் திருத்தணும் சார். அடிச்சுட்டு மேல எழுதுங்க."

"நானா?"

"நீங்கதான்."

"அப்பா, வாயைத் திறந்துக்கிட்டு எழுதுங்க. அப்பத்தான் வரும்" என்றாள் மகள்.

அப்பா பழைய பெயரை ஒரு கோடு இழுத்து அடித்தார். அதற்கு மேலே தொடங்கினார். இரட்டைக்கொம்பும் 'ர'வும் சரளமாக வந்தன. நடுவெழுத்தில் முதல் சுழி. இரண்டாவது சுழி. பழக்கதோஷத்தில் பேனா அங்கேயே முடிக்கப் பார்த்தது, பிறகு தயங்கி நின்றது. இடது கையில் ஸ்பானர் இருந்ததால் பிடிக்க ஆளில்லாமல் தாள் மெதுவாக வழுக்கத் தொடங்கியது. அண்ணன் எட்டிப் பார்த்தான். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சின்னப் பையனைப் போல வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, மூன்றாவது சுழியை வளைக்க ஆரம்பித்தார்.

கார்டு மாமா கையை நீட்டி, தாளின் மூலையை ஒற்றை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.